முப்பத்தேழாம் நம்பர் பூட்ஸ்

சேறே மிதிக்காதவளுக்குச் சேற்றுப்புண்.
ஆரம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறி
மாநிலம் தாண்டித் தடாவில் இறங்கினால்
இறால் ஷெட், ஐஸ் தண்ணீர் ஓடும் தரை,
எட்டு மணி நேரம்.
கால் என்று ஒன்று இருப்பது
ராத்திரி பாயில் படுத்த பிறகுதான் தெரியும்.

சுண்டுவிரல் இடுக்கில்
ஊறிய அப்பளம் போலத் தோல்.
சொறியச் சொறியச் சுகம்.
சுகத்துக்கு அடியில் எரிச்சல்.
அதற்கும் அடியில் ரத்தம்.

முதலில் டப்பாவில் வரும் பழைய களிம்பு.
வெடிப்பில் பட்டதும்
மிளகாய் அரைத்த கை கண்ணில் பட்ட மாதிரி
எழுந்து உட்கார்ந்தேன்.
செத்த தோல் உரிந்தது,
சாகாததும் கொஞ்சம்.

பேக்கிங் செக்‌ஷன் பரிமளா கொடுத்தது
மூன்று மருந்து ஒரே டியூபில்.
ஷெட்டில் பாதிப் பேர் அதைத்தான் பூசுகிறார்கள்.
இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது.
அவளுக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக் கொடுத்தேன்.
மூன்றாம் வாரம்
குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டம்,
கணுக்காலில் இன்னொன்று.
வீட்டுக்காரியின் வாயைப் பொத்திவிட்டுத்
திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிற மருந்து அது.

"அதுல ஸ்டீராய்டு உந்தி அம்மா, விட்ரு"
என்றார் மெடிக்கல் மஸ்தானய்யா.
கண்ணாடி மேல் இரண்டு டியூபைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

இது க்ளோட்ரிமசோல்.
காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம், நாலு வாரம்.
ஆறின மாதிரி தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது.
இது டெர்பினாஃபின்.
விரல் இடுக்குக்குத் தினம் ஒரு தரம்,
பெரும்பாலும் ஒரு வாரமே போதும்.
அது பூஞ்சையை வளரவிடாது,
இது கொன்றே போடும்.
விலை மட்டும் இரண்டு பங்கு.

கிலோக் கணக்கில் யோசித்தேன்.
எத்தனை கிலோ தலை கிள்ளினால் இது,
எத்தனை கிலோ கிள்ளினால் அது.
நாலு வாரம் இரண்டு வேளை மறக்காமல் இருக்க
என்னால் ஆகாது.
கொல்கிறதையே வாங்கினேன்.

எட்டாம் நாள்
உரித்த இறால் நிறத்தில் புதுத் தோல்.
இருபதாம் நாள்
மறுபடியும் அப்பளம்.

மஸ்தானய்யா டியூபைப் பார்க்கவில்லை.
"செருப்பைக் காட்டு" என்றார்.
செருப்பு சுத்தம்தான்.
பூட்ஸ் கம்பெனியுடையது, முப்பத்தேழாம் நம்பர்.
சாயங்காலம் நான் கழற்றிய சூட்டோடு
அதில் கால் விடுகிறவள்
நைட் ஷிப்ட் செங்கம்மா, சூலூர்பேட்டை.
ரிஜிஸ்டரில் பெயர்தான் பார்த்திருக்கிறேன்.
முகம் தெரியாது.
இடது குதிகாலைச் சாய்த்து மிதிக்கிறாள்
என்பது தெரியும்.

இரண்டு டியூப் வாங்கினேன்.
அட்டையில் அவரையே தெலுங்கில் எழுதச் சொன்னேன்:
துடை, காயவிடு, விரல் நடுவில் பூசு, ஏழு நாள்.
எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது.
பிளாஸ்டிக் பையில் சுற்றி
இடது பூட்ஸின் நுனியில் திணித்தேன்.
கோபப்படுவாளோ என்று
அன்று ராத்திரி அரிப்பே தெரியவில்லை.

காலையில் டியூப் இல்லை.
இரண்டு பூட்ஸுக்குள்ளும்
கசக்கித் திணித்த தெலுங்குப் பேப்பர்.
பிரித்துப் பார்த்தேன்,
எல்லாம் வட்ட வட்டமாய் எழுத்து,
என் கணுக்கால் மாதிரி.
சிரிப்பு வந்துவிட்டது.
பேப்பர் நனைந்திருந்தது.
பூட்ஸ் நனைந்திருக்கவில்லை.

சாயங்காலம் தமிழ்ப் பேப்பர் திணித்துவிட்டு வந்தேன்.
ராசிபலன் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

இன்று ஒன்பதாம் நாள்.
விளக்கடியில் விரலை விரித்துப் பார்க்கிறேன்.
எனக்கு ஆறிக்கொண்டு வருகிறது.
நேற்று நுனியில் கை விட்டபோது
கொஞ்சம் பவுடர் ஒட்டியது.
அவளுக்கு எப்படி இருக்கிறது என்று
யாரிடம் கேட்பது?